ஆறு மாதமாக ஓடிய ஃப்ளஷ் டேங்க்

டொரொண்டோவிலிருந்து பாளையங்கோட்டை அம்மா வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால் டாய்லெட் பீங்கானின் உள்பக்கம் நூல் மாதிரித் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

காலையில் அம்மாவிடம் கேட்டேன். "ஆறு மாசமா அப்படித்தான்யா. போகும்போது ஆங்கிள் காக்கைத் திறந்துக்கிடுவேன், வரும்போது மூடிருவேன். நேத்து நீ வந்த சந்தோஷத்துல மறந்துட்டேன்" என்றாள். அவளுக்கு 74 வயது, மூட்டுவலி வேறு. டேங்குக்குத் தண்ணீர் விடும் அந்தக் குழாய்த் திருகு தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் குனிவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. வாரம் இரண்டு தடவை வீடியோவில் பேசுகிறோம், ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை.

டொரொண்டோவில் ப்ளம்பர் வீட்டுக்கு வந்தாலே நூறு டாலருக்கு மேல் ஆகும். அதனால் இந்த வேலையை நானே செய்துவிடுவேன். அங்கே சங்கிலியில் தொங்கும் ரப்பர் மூடியை மாற்றினால் போதும். இங்கே மேலே பட்டன், உள்ளே உயரமான பிளாஸ்டிக் வால்வு. மிதவையைத் தூக்கினால் தண்ணீர் வரத்து நின்றது, ஓவர்ஃப்ளோ குழாயிலும் வழியவில்லை. டேங்கில் கொஞ்சம் சொட்டுநீலம் விட்டேன். பட்டனைத் தொடாமலே கால் மணி நேரத்தில் பீங்கானில் நீலம் இறங்கிவிட்டது. அப்போ கசிவு அடியில்தான்.

இந்த மாதிரி வால்வைக் கழற்றி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் ஆள் கிடைக்க வேண்டுமே. "வந்துக்கிட்டே இருக்கேன் சார்" என்று ஒருவர் இரண்டு நாள் சொன்னார். வராவிட்டால் வரவில்லை என்று சொல்லலாம், அதில் என்ன கஷ்டம்? இன்னொருவர் வந்தார், மூடியைத் திறந்தார், கையை உள்ளே விடவே இல்லை. "இதுக்கு இப்ப பார்ட்ஸ் வாறதில்ல, முழு செட்டும் மாத்தணும், 4,500 ஆகும்" என்றார். நீலத்தைப் பற்றிச் சொன்னேன், காதில் வாங்கவில்லை. நான் இல்லாதபோது வந்திருந்தால் அம்மா கொடுத்திருப்பாள்.

மூன்றாம் நாள் ஹார்டுவேர் கடை அண்ணாச்சி ஒரு பெரியவரை அனுப்பினார். சைக்கிளில் வந்தவர், வால்வைக் கால் திருப்பு திருப்பி வெளியே எடுத்தார். அடியில் இருந்த வாசரின் விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்பு. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது.

"ஆத்துத் தண்ணின்னா ஒண்ணும் செய்யாது தம்பி. இது போர் தண்ணி. வருசத்துக்கு ஒருக்கா கழட்டிக் கழுவணும்." அம்மாவிடம் புளித்தண்ணீரும் பழைய பிரஷும் கேட்டு வாங்கி, வாசர் உட்காரும் இடத்தைத் தேய்த்தார். புது வாசர் போட்டார். மறுபடி நீலம் விட்டு, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே அரை மணி நேரம் காத்திருந்தார். பீங்கான் வெள்ளையாகவே இருந்தது. வாசருக்கு 40, கூலி 200. கூடக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார். வேலை முடிந்ததா என்று இருந்து பார்த்துவிட்டுப் போகிற ஆளை நான் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது.

மறுநாள் காலையும் அம்மா பழக்கத்தில் சுவரைப் பிடித்துக் குனியப் போனாள். "வேண்டாம்மா, திறந்தே இருக்கட்டும்" என்றேன். இன்னும் இரண்டு வாசர் வாங்கிக் காலண்டர் ஆணியில் மாட்டி, பெரியவரின் நம்பரைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.