காவிரியா, கொள்ளிடமா, புது ஆறா? கரையோர சைக்கிள் பயணத்துக்கு எது தேவலை

கல்லணையில் கிழக்கே பார்த்து நின்றால் ஒரே தண்ணீர் நாலாகப் பிரிந்து போகிறது. இடக்கோடியில் கொள்ளிடம், அடுத்து காவிரி, அதற்கடுத்து வெண்ணாறு, வலக்கோடியில் கல்லணைக் கால்வாய். கால்வாய் என்பது அரசாங்கப் பெயர். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, புது ஆறுதான். 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது. தொண்ணூறு வயதாகியும் புதுசு என்ற பெயர் போகவில்லை.

கார் தொந்தரவு இல்லாமல், பின்னால் ஹாரன் கேட்காமல், தண்ணீரைப் பார்த்தபடியே இரண்டு மூன்று நாள் சைக்கிள் மிதிக்க இந்த நாலில் எது சரிப்படும் என்பதுதான் கேள்வி. மூன்று கரைகளில் வெவ்வேறு வருடங்களில் போயிருக்கிறேன். வெண்ணாற்றில் முழுதாகப் போனதில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது காவிரியைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, திங்களூர், கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலை, கும்பகோணம். பெயர்களைச் சொன்னாலே பாதி ஆசை தீர்ந்துவிடும். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்கு எதிரே படித்துறையில் காலை நனைத்துக்கொண்டு, கடைத்தெருவில் இலையில் வைத்த சூடான அசோகா அல்வாவைச் சாப்பிட்டால் அன்றைக்கு மேற்கொண்டு மிதிக்க மனசு வராது. சுவாமிமலையில் விக்கிரகம் வார்க்கிறவர்கள் அச்சுக்குப் பூசுவது இதே ஆற்றின் வண்டலைத்தான். வெற்றிலைக் கொடிக்கால், வாழைத்தோப்பு என்று நிழலுக்கும் பஞ்சமில்லை.

ஆனால் இந்த அழகெல்லாம் பஸ் ரூட்டில் இருக்கிறது. ஆற்றங்கரைதான் ஊர், ஊர்தான் ரோடு. திருவையாறு - கும்பகோணம் சாலையின் அகலத்துக்கு எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால் சைக்கிள்காரன் புளியமரத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். முகூர்த்த நாளில் வேன், கார் கணக்கே கிடையாது. கும்பகோணம் தாண்டி மயிலாடுதுறை வரைக்கும் இன்னும் மோசம். காவிரி கூடவே வருகிறது, ஆனால் கொல்லைப்புறங்களுக்கு அந்தப்பக்கம் வருகிறது. பூம்புகாரில் அது கடலைத் தொடும் இடம் வரை போயே தீருவேன் என்பவர்கள் தாராளமாகப் போகலாம். அதைக் கோயில் யாத்திரை என்றுதான் சொல்வேன்.

கொள்ளிடம் இதற்கு நேர் எதிர். காவிரியைவிடப் பள்ளத்தில் ஓடுவது, வெள்ளத்தை வாங்கிக்கொண்டு போவது. காவிரித் தண்ணீர் இந்தப் பள்ளத்துக்குள் இறங்கிப் போய்விடக் கூடாது என்றுதான் 1830களில் ஆர்தர் காட்டன், கல்லணைக்கு மேற்கே இரண்டும் பிரிகிற முக்கொம்பில் மேலணை கட்டினார். அந்த அணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின. அப்படிப்பட்ட ஆற்றுக்குக் கரை போடும்போது தாழ்வாகவா போடுவார்கள்? தென்கரையில் ஏறி நின்றால் ஒரு பக்கம் கண்ணெட்டும் தூரம் மணல், மறுபக்கம் கீழே வயல். திருமானூர் பாலத்தருகிலும் நீலத்தநல்லூர் பாலத்தருகிலும் மட்டும் கொஞ்சம் வண்டி நடமாட்டம். மற்ற இடங்களில் ஆடு ஓட்டுகிறவர், புல்லுக்கட்டோடு டிவிஎஸ் ஃபிப்டியில் போகிறவர், அவ்வளவுதான்.

கார் இல்லை என்பது மட்டும்தான் கணக்கென்றால் கொள்ளிடம் ஜெயித்துவிடும். ஆனால் மரமே இல்லாத நீட்டங்கள் அதிகம். மாசியிலேயே பத்து மணிக்கு மேல் மண்டை பிளக்கும். டீக்கடை வேண்டுமென்றால் கரையை விட்டு ஊருக்குள் இறங்கி மறுபடி ஏற வேண்டும், இந்தச் சமவெளியில் கிடைக்கிற ஒரே மேடு அதுதான். ஆற்றில் தண்ணீரும் வெள்ள நாட்களில்தான், மற்ற நாளில் மணலைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அந்த மணலிலும் அள்ளிய குழிகள் உண்டு, தேங்கிய தண்ணீரின் ஆழம் தெரியாது. கீழணை இருக்கிற அணைக்கரைப் பக்கம் முதலைகள் இருக்கின்றன. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அங்கே கைகால் கழுவக்கூட இறங்காதீர்கள். கரையில் எங்களை நிறுத்திய பெரியவர் ஒருவர் சைக்கிளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, அணைக்கரைக்குத்தான் பஸ் இருக்கே?" என்றார். மதியம் பன்னிரண்டு மணிக்கு அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

புது ஆற்றுக்கு வருகிறேன். டெல்டாவின் மற்ற ஆறுகள் பள்ளம் தேடி ஓடியவை. இது மேட்டைப் பிடித்துக்கொண்டு மனிதர் வெட்டியது. பழைய ஆறுகள் ஏற முடியாத ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிச் சீமைக்குத் தண்ணீர் கொண்டுபோகவே வந்தது. வெட்டிய மண்ணையே இரண்டு பக்கமும் கரையாகப் போட்டு, மதகுகளைப் பார்த்துவர லஸ்கர் என்கிற மதகுக் காவலரும் ஜீப்பும் போக வழி விட்டார்கள். ஊர் உண்டாகி அதற்கப்புறம் ரோடு வரவில்லை. கரை முதலில், ஊர் தள்ளி. சைக்கிள்காரனுக்கு இந்த வித்தியாசம் போதும். பூதலூர்ப் பக்கம் ஒருநாள் காலை ஏழு முதல் ஒன்பது வரை மிதித்தபோது எங்களைக் கடந்தவை இரண்டு மோட்டார் சைக்கிளும் ஒரு டிராக்டரும்தான்.

தண்ணீர் கரைதொட்டு, சத்தமே இல்லாமல் வேகமாகப் போகும். தஞ்சாவூரில் பெரிய கோயிலை ஒட்டி ஓடுவது இதுதான். நகருக்குள் மட்டும் கரையை விட்டுத் தெருவில் கலக்க வேண்டும், அந்தச் சில கிலோமீட்டர் எரிச்சல்தான். அதைத் தாண்டினால் நெல் மெல்லக் குறைந்து தென்னை கூடிக்கொண்டே வரும். ஒரத்தநாட்டில் சரபோஜி காலத்துச் சத்திரம் இருக்கிறது. ஒருகாலத்தில் வழிப்போக்கனுக்குச் சோறு போட்ட இடம், எங்களுக்குப் பக்கத்துக் கடையில் புரோட்டாதான் கிடைத்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்புகளில் இளசும் பெரிசுமாக மரங்கள் கலந்து நிற்கும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப்போட்ட இடங்களில் மறுபடி வைத்த கன்றுகள்தான் அந்த இளசுகள்.

குறையே இல்லையா என்றால், உண்டு. கரை முழுக்க ஒரே சீராக இல்லை. சில இடம் தார், சில இடம் கப்பி, சில இடம் வெறும் மண். மழை பெய்தால் அந்த மண் மட்கார்டுக்குள் புகுந்து சக்கரத்தையே பிடித்துக்கொள்ளும், குச்சி வைத்து நோண்டி எடுக்க அரைமணி. சீமைக் கருவேல முள் தனிக்கதை. குளிக்கவும் முடியாது. ஓரம் செங்குத்து, ஓட்டம் வேகம், பல இடங்களில் இப்போது கான்கிரீட் வேறு போட்டுவிட்டார்கள், வழுக்கினால் பிடிக்க ஒரு நாணல்கூட இல்லை. குளியலுக்குக் காவிரிப் படித்துறைதான்.

எந்த மாதம்? மேட்டூர் திறப்பது வழக்கப்படி ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. அணையில் இருப்பைப் பொறுத்துத் தேதி மாறும், முறை வைத்து விடும் வாரங்களில் கால்வாய் காலியாகவும் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம், வேண்டாம். ஆடியில் காற்று மேற்கிலிருந்து முதுகில் தள்ளும், கல்லணையிலிருந்து கிழக்கே போகிறவனுக்குப் பாதி வேலையை அதுவே செய்துவிடும். புது ஆறு தெற்கே திரும்பியதும் அதே காற்று பக்கவாட்டில் அடிக்கும், தோப்பு வரும்வரை பொறுக்க வேண்டும். தையில் பொங்கல் முடிந்து மேட்டூர் மூடும் வரையிலான அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளைத்தான் நான் எடுப்பேன். வெயில் இளசு, தண்ணீரும் இருக்கும். அறுவடை தொடங்கிய ஊர்களில் ரோட்டில் நெல் காயும், அதன்மேல் ஏற்றாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

சைக்கிள் விஷயத்தில் விலை கூடினதுதான் நல்லது என்று நினைக்காதீர்கள். ஏற்றமே இல்லாத ஊரில் இருபத்தொரு கியர் எதற்கு? கூட வந்த மச்சானின் வண்டியில் டியூபுக்கு மெல்லிய வால்வு. பஞ்சர் கடைக்காரர் பம்பை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு நம்மகிட்ட வாய் இல்லப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். என் பழைய கறுப்பு சைக்கிளுக்கு எந்தக் குக்கிராமத்திலும் டியூப் கிடைத்தது.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் இந்த மூன்றையும் விட்டுவிட்டுத் தஞ்சாவூரிலிருந்து வடவாற்றை ஒட்டி வடுவூர் ஏரிக்குப் போங்கள். 2022இல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த ஏரி அது, தை மாதம் பறவைகள் நிறைந்திருக்கும்.

மூன்று நாள் இருந்தால் புது ஆறுதான், சந்தேகமே வேண்டாம். முதல் ராத்திரி தஞ்சாவூர், இரண்டாவது பட்டுக்கோட்டை. கால்வாய் அதற்கப்புறமும் போய், புதுக்கோட்டை மாவட்டத்தில் மும்பாலையில்தான் முடிகிறது. நாங்கள் பேராவூரணியோடு நிறுத்திக்கொண்டோம். அகலப் பாதை ஆனபின் அங்கே மறுபடி ரயில் ஓடுகிறதே, சைக்கிளை ஏற்றிவிடலாம் என்று நம்பிப் போனால் அன்றைக்கு எங்களுக்குத் தோதாக ஒரு வண்டியும் இல்லை. தேங்காய் இறக்கிவிட்டுக் காலியாகத் தஞ்சாவூர் திரும்பிய ஒரு டாட்டா ஏஸ்காரர் டீசலுக்குப் பணம் வாங்கிக்கொண்டு இரண்டு சைக்கிளையும் பின்னால் படுக்கப்போட்டார். மூன்று நாளில் நாங்கள் ஏறிய ஒரே மோட்டார் வண்டி. ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டார், எங்களுக்குத்தான் கொஞ்சம் அவமானமாக இருந்தது.