உருண்டையா, தாளா, செல்போனா: பூகோளம் எதில் நன்றாகப் பதிகிறது?

சுவரில் மாட்டிய உலக வரைபடத்தைப் பார்த்தே பூகோளம் படித்தவரிடம், ரஷ்யாவும் அமெரிக்காவும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று வலது ஓரம், இன்னொன்று இடது ஓரம்; உலகத்தின் இரு முனைகள் என்பார். ஆனால் இரண்டையும் பிரிக்கும் பெரிங் நீரிணையில் இரண்டு நாட்டுப் பெருநிலக் கரைகளுக்கும் இடையே சுமார் 85 கிலோமீட்டர்தான். அவர்மேல் தப்பில்லை. படத்தை எங்கேயாவது வெட்டித்தானே தாளில் விரிக்க முடியும்?

பரப்பளவிலும் இதே கதைதான். உலகத்தைத் தாளில் விரிக்க 1569இல் வரைபடக் கலைஞர் மெர்கேட்டர் வகுத்த முறை மாலுமிகளுக்கானது; ஒரே திசையில் போகும் கப்பல் அதில் நேர்கோட்டில் போகும். அந்த வசதிக்கு விலை, துருவத்தை நெருங்க நெருங்க நிலம் ஊதிப்போவது. 60 பாகை அட்சரேகையில் பரப்பு நான்கு மடங்காகத் தெரியும். ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போல சுமார் 14 மடங்கு பெரியது. அந்த முறைப் படத்திலோ இரண்டும் ஏறக்குறைய சமம்.

இந்த இரண்டு கோளாறும் உலக உருண்டையில் (குளோப்) கிடையாது. ஒரு நூலை எடுத்து, ஒரு முனையை டோக்கியோவில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை நியூயார்க் வரை இழுத்துப் பிடியுங்கள். தளர்வாக இருக்கும்வரை நூல் பசிபிக்கின் மேல் கிடக்கும். இறுக்க இறுக்க வடக்கே நழுவி அலாஸ்கா பக்கம் போய் நிற்கும். விமானம் ஏன் வளைந்து போகிறது என்று அதற்குமேல் யாரும் விளக்க வேண்டாம். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் 1 செ.மீ. என்பது சுமார் 425 கி.மீ.; அந்தக் கணக்கில் எவரெஸ்ட்டின் உயரம் 0.2 மில்லிமீட்டர். மலைகளைத் தடவிப் பார்க்கும்படி புடைப்பாகச் செய்த உருண்டைகள் எவ்வளவு மிகைப்படுத்துகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

உருண்டையின் குறை, ஒரு நேரத்தில் பாதி உலகம்தான் கண்ணுக்குத் தெரியும் என்பது. ஆறு, மாவட்டம், ரயில் பாதை என்று இறங்கினால் அட்லஸ்தான் கதி. பழசாகிவிடுவது இரண்டுக்கும் பொது: ஜெர்மனியின் நியூரம்பர்கில் 1492இல் பெஹைம் என்பவர் செய்த உருண்டையில் அமெரிக்கக் கண்டங்களே இல்லை.

செல்போனிடம் அந்தக் குறை இல்லை, வழி காட்டுவதில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. கற்றுக்கொடுப்பதில்தான் எனக்குச் சந்தேகம். தாளில் நாம் எங்கே நிற்கிறோம் என்று நாமேதான் தேட வேண்டும்; அந்தத் தேடலில்தான் ஊர் மனதில் ஏறுகிறது. செல்போனில் நீலப்புள்ளி எப்போதும் நடுவில், நாம் திரும்பினால் படமும் திரும்புகிறது. விரலால் பெரிதாக்கிச் சிறிதாக்கும்போது அளவுத்திட்டமும் மாறிக்கொண்டே இருப்பதால், தூரம் பற்றிய உணர்வு நிலைப்பதில்லை. லண்டன் டாக்சி ஓட்டுநர் தேர்வுக்குப் படிப்பவர்கள் நகர மையமான சாரிங் கிராஸைச் சுற்றியுள்ள சுமார் 25,000 தெருக்களை வரைபடத்தைப் பார்த்தும் நேரில் சுற்றியும் மனப்பாடம் செய்கிறார்கள். அந்த ஓட்டுநர்களின் மூளையில், இடங்களை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்ததை 2000இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆகவே பிள்ளைக்கு வாங்குவதானால் முதலில் உருண்டை, பிறகு அட்லஸ்; செல்போன் எப்படியும் வந்துவிடும். வாங்கும்போது உருண்டையைத் தாங்கியிலிருந்து கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். சுவர்ப் படத்தின் அடியில் வெள்ளைப் பட்டையாகக் கிடக்கும் அண்டார்டிகா உண்மையில் வட்டமான கண்டம். அதை முழுசாகப் பார்க்க உருண்டையைக் கவிழ்த்தாக வேண்டும்.