இரண்டாவது பெட்டி எதுவாக இருக்க வேண்டும்?

வார்ஹாமர் 40,000 என்னும் பொம்மைப் படை ஆட்டத்தின் காம்பாட் பேட்ரோல் பெட்டி, அதாவது ஒரு சிறு படை முழுதும் அடங்கிய பெட்டி, ஒன்று கையில் இருக்கிறது. ஒட்டி, வண்ணமும் பூசியாயிற்று. அடுத்து என்ன வாங்கலாம் என்பதற்குக் கோலாலம்பூரில் ஒரு பதில், சுங்கை சிப்புட்டில் வேறு பதில். கோலாலம்பூரில் எதிரில் ஆடுபவர் தன் படையைத் தூக்கிக்கொண்டு வருவார். சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் எதிரே உட்காரப்போவது தம்பியோ பக்கத்துத் தாமான் நண்பரோதான். அவரிடம் ஒரு பொம்மைகூட இருக்காது. அவருக்கும் சேர்த்து நாம்தான் வாங்க வேண்டும். இதை மனத்தில் வைத்துத்தான் எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும்.

பலரும் முதலில் நினைப்பது அதே பெட்டியை இன்னொரு முறை வாங்குவது. டிரானிட் என்ற வேற்றுக்கிரக உயிரிகளின் படைப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். டெர்மகான்ட் 20, பார்ப்கான்ட் 5, லீப்பர் 3, சைக்கோபேஜ் 1, சிறகு முளைத்த பிரைம் 1. இரண்டாவது பெட்டி வந்தால் டெர்மகான்ட் 40 ஆகும். பெரிய ஆட்டத்துக்கு அது உதவும். ஆனால் காம்பாட் பேட்ரோல் என்ற சிறிய ஆட்டத்தில் படை பெட்டியில் உள்ளதுதான். கூடுதல் பொம்மைக்கு அங்கே வேலை இல்லை. இருவரும் ஒரே படையை வைத்து மோதலாம், இரண்டு ஆட்டத்தில் அலுத்துவிடும். அதற்கும் மேல், இன்னும் 20 டெர்மகான்டுக்கு வண்ணம் பூச வேண்டும். பலரின் ஆர்வம் வற்றிப்போவது இந்த இடத்தில்தான்.

தனித்தனி கிட்டாக வாங்கி 2,000 புள்ளிப் படை சேர்ப்பது அடுத்த வழி (ஒவ்வொரு பொம்மைக் குழுவுக்கும் வலிமைக்கேற்ற புள்ளி உண்டு). தேர்வு முழுக்க நம் கையில். ஆனால் அந்த ஆட்டத்துக்கு 60க்கு 44 அங்குல இடம் வேண்டும். பசியாறும் மேசை போதாது. புள்ளிக் கணக்கும் அடிக்கடி மாறும். விதிப் பதிப்புகள் 2017, 2020, 2023 என்று மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறியிருக்கின்றன. பொம்மை கெட்டுப்போகாது, விதிப் புத்தகம்தான் பழசாகிவிடும். அதனால் காசைப் புத்தகத்தில் கொட்டாதீர்கள்.

வேறொரு படையின் காம்பாட் பேட்ரோல் பெட்டியை வாங்கினால் அன்றைக்கே ஆடலாம். 44க்கு 30 அங்குலம் போதும், புள்ளி கூட்ட வேண்டியதில்லை. என் முதல் தேர்வு இதுதான்.

இடமும் காசும் இறுக்கமாக இருந்தால் கில் டீம், அதாவது ஒரு சிறு அணியை மட்டும் வைத்து ஆடும் ஆட்டம். பெரும்பாலான அணிகளுக்கு ஒரே பெட்டி போதும். அணி விதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. களம் 30க்கு 22 அங்குலம், அதாவது ஏறக்குறைய 76க்கு 56 செ.மீ. அதைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு பலகை வெட்டிக் கேரம் போர்டின் சட்டத்தின் மேல் குறுக்கே வைத்தால் அசையாமல் நிற்கும். ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது: மறைப்புகள். சுவரும் இடிபாடும் குறைவாக இருந்தால் முதலில் சுடுபவரே ஜெயிப்பார். எதிரில் இருப்பவர் மறுவாரம் வரமாட்டார். தடித்த அட்டையில் செய்தாலும் சரி, களம் நிறைய வையுங்கள்.

எங்கே வாங்குவது? வெளிநாட்டிலிருந்து இணையத்தில் தருவித்தால், 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதையும் தபால் செலவையும் கூட்டியபின் உள்ளூர்க் கடை விலையோடு ஒப்பிடுங்கள்.

பழைய பொம்மைகளை மொத்தமாக வாங்குவது மலிவு, ஆனால் எந்தப் பசையில் ஒட்டினார்கள் என்று கேட்காமல் வாங்காதீர்கள். சூப்பர் குளூ என்றால் ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்து எடுத்து மெல்ல முறுக்கினால் பெரும்பாலும் கழன்றுவிடும். பிளாஸ்டிக் சிமென்ட் இரு துண்டையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். அதைப் பிரிக்க முடியாது. பழைய வண்ணத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்து எடுக்கலாம். அசிட்டோன் பக்கமே போகக் கூடாது, பிளாஸ்டிக் கரைந்து கூழாகும். ஸ்பேஸ் மரீன் என்ற படையின் பழைய வீரர்கள் 25 மி.மீ. பேஸில் (பொம்மையின் வட்ட அடித்தட்டில்) நிற்பார்கள், இப்போது 32. அதையும் விலையில் பேசுங்கள்.

பொம்மையை வீட்டிலேயே அச்சிடும் ரெசின் பிரிண்டர் பத்துப் பெட்டிக்குமேல் வாங்கப் போகிறவருக்குத்தான் கட்டுப்படியாகும். காற்றோட்டமான தனி இடம், நைட்ரைல் கையுறை, கழுவ ஆல்கஹால் எல்லாம் வேண்டும். கழிவு ரெசினை வெயிலில் இறுக வைத்த பிறகே எறிய வேண்டும், சாக்கடையில் ஊற்றக் கூடாது. மெல்லிய ஈட்டிகள் கீழே விழுந்தால் உடையும். இந்த ஆட்டத்தைத் தயாரிக்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பின் சொந்தக் கடை ஆட்டங்களில் அச்சிட்ட பொம்மைகளைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

எதை வாங்கினாலும் பட்ஜெட்டில் வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமருக்கு இடம் விடுங்கள். மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஸ்பிரே அடித்தால் ஈரக் காற்றில் பரப்பு வெளுத்து மணல்போல் சொரசொரப்பாகும், நுணுக்கமெல்லாம் மூடிப்போகும். வெயில் ஏறிய முற்பகலில், 25 செ.மீ. தள்ளி, மெல்லிய இரண்டு பூச்சு. அடைமழைக் காலத்தில் பிரஷால் பூசும் பிரைமர்தான் கைகொடுக்கும்.

பட்டணத்தில் ஏற்கெனவே சொந்தப் படை வைத்திருக்கும் ஒருவர் அமைந்துவிட்டால் என் வரிசை மாறும். அப்போது தனித்தனி கிட்டுகளாக 1,000 புள்ளி வரை மட்டும் வளர்த்து, அங்கே சில மாதம் நின்று ஆடுங்கள்.