இரவு இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள்? டர்பனில் முதியோர் பராமரிப்புக்கு நான்கு வழிகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், நம் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்தில் படுக்கையில் விழுந்த பெற்றோரை எங்கே வைத்துப் பார்ப்பது என்ற பேச்சு வந்தால், கட்டணம், தூரம், சாப்பாடு என்ற வரிசையில்தான் விசாரிக்கிறோம். புரட்டாசியில் சைவச் சமையல் உண்டா என்றுகூடக் கேட்கிறோம். இரவில் எத்தனை பேர் பணியில் இருப்பார்கள் என்று கேட்பவர் குறைவு. என்னைக் கேட்டால் முதல் கேள்வியே அதுதான்.

அரசு மானியம் பெறும் தொண்டு இல்லங்களை எடுத்துக்கொள்வோம். 1921இல் ஆரிய சமாஜத்தார் தொடங்கி இன்று சாட்ஸ்வர்த்தில் இயங்கும் இல்லம் நம்மவர்கள் அறிந்தது. இத்தகைய இல்லங்களில் ஓர் அறையில் பலர் தங்க நேரலாம். இடத்துக்குக் காத்திருக்கவும் வேண்டும். ஆனாலும் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த முதியோர் சட்டம் இங்கே பிடிமானம் தருகிறது. இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும். முதியவர் சம்மதம் சொல்லும் மனத்தெளிவோடு இருந்தால் அவர் சம்மதமின்றிச் சேர்க்கக் கூடாது. முதியோரைத் துன்புறுத்தித் தண்டனை பெற்றவர்களுக்கென ஒரு பதிவேடு உண்டு. அதில் பெயர் ஏறியவரை வேலைக்கு வைக்கக் கூடாது.

இந்த இல்லங்கள் தடுமாறுவது இரவில்தான். அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் வரக்கூடும். ஒருவரைப் புரட்டி, நனைந்த துணி மாற்றி, தலையணை வைக்கப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது படுக்கைக்கு ஒரே பராமரிப்பாளர் என்றால் ஒரு சுற்றுக்கு 200 நிமிடம். கனமான உடம்பைத் தூக்க இன்னொரு கை வேண்டும். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்தக் கணக்கை வெல்ல முடியாது.

பணம் கட்டிச் சேரும் ஓய்வுக்காலக் குடியிருப்புகளில் புல்வெளியும் வாசல் காவலும் பார்த்தவுடன் மனம் மயங்கிவிடும். 'வாழ்நாள் உரிமை' என்று பெருந்தொகை கொடுத்து வாங்குவது வீட்டில் குடியிருக்கும் உரிமையைத்தான். படுக்கையில் விழுந்தபின் வேண்டிய பராமரிப்புப் பிரிவுக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம். அப்போது இடம் கிடைக்கும் என்ற உறுதியை ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். மின்வெட்டில் ஜெனரேட்டர் ஆக்ஸிஜன் கருவிக்கும் ஓடுமா, வரவேற்பறை விளக்குக்கு மட்டுமா என்றும் கேளுங்கள்.

சாதாரண வீடு ஒன்றிலேயே சில முதியவர்களை வைத்துப் பார்க்கும், பதிவில்லாத இல்லங்களைப் பற்றி எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. பதிவின்றி நடத்துவது குற்றம். நம் ஊரில் ஜன்னலுக்கு ஜன்னல் திருட்டுத் தடுப்புக் கம்பி, கதவுக்கு வெளியே பூட்டிய இரும்புக் கதவு. தீப்பற்றினால், தூங்கிவிட்ட ஒரே பராமரிப்பாளரின் பையில் சாவி இருந்தால், உள்ளே இருப்பவர்கள் எந்த வழியாக வெளியே வருவார்கள்?

கடைசியாக, வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது. நம் மனம் முதலில் இதற்குத்தான் போகிறது, அதில் பிழையில்லை. 2025 மார்ச்சில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. அந்தக் கணக்கில் வாரம் 45 மணி நேரத்துக்கு ஒருவரை வைத்தால் மாதம் ஏறக்குறைய 5,600 ராண்ட். 2025 ஏப்ரலில் அரசு தந்த முதியோர் உதவித்தொகை மாதம் 2,310 ராண்ட். முழுநேரத் துணை தேவைப்படுவோருக்கான கூடுதல் உதவி அப்போது 560 ராண்ட். மானியம் பெறும் இல்லத்தில் சேர்ந்தால் அந்தக் கூடுதல் கிடைக்காது. வாரத்துக்கு 168 மணி நேரம். மீதி 123 மணி நேரமும் மகளோ மருமகளோதான் தூக்கம் கெட்டுச் சுமக்கிறாள். அந்தச் சுமையைப் பகிர இன்னொருவர் உறுதியாக இருந்தால் வீட்டுக்கே என் ஓட்டு. இல்லையென்றால் பதிவுள்ள தொண்டு இல்லம், சுவர் சாயம் போயிருந்தாலும்.

சேர்க்கும் முன் ஒரு சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போய் பணியாளர்களின் வருகைப்பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். பதிவு பெற்ற நர்ஸ் கட்டிடத்துக்குள் இருக்கிறாரா, தொலைபேசியில் மட்டும் இருக்கிறாரா என்று கேளுங்கள். படுக்கையருகே தொங்கும், புரட்டிய நேரம் குறிக்கும் தாளைப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கே விடிகாலை நான்கு மணிக் கட்டம் வரை கையெழுத்து நிரம்பியிருந்தால், அங்கே சேர்க்காதீர்கள்.