சிங்கப்பூர் – நியூயார்க் இடைநில்லா விமானம்: பதினெட்டரை மணி நேரம் உட்காரலாமா?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையம் வரை நேர்தூரம் சுமார் 15,350 கி.மீ. இதை விமானத்தின் வேகமான மணிக்கு 900 கி.மீ.யால் வகுத்து, 'பதினேழு மணி நேரம்தானே' என்று டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அட்டவணையில் போடுவது பதினெட்டரை மணிக்கும் மேல்.

உலக உருண்டையில் நூல் பிடித்தால் காரணம் தெரியும். இரண்டு ஊரும் ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால், நூல் வடதுருவத்தை ஒட்டிப் போகும். விமானம் அப்படிப் போவதில்லை. போகும்போது பசிபிக் பக்கம் ஒதுங்கி, உயரத்தில் மேற்கிலிருந்து வேகமாக வீசும் ஜெட் காற்றை முதுகில் வாங்கிக்கொள்ளும். திரும்பும் பாதை அன்றன்றைய காற்றைப் பொறுத்தது. 2018 அக்டோபரில் பக்கத்து நியூஜெர்சியின் நியூவார்க் நகருக்குச் சேவையை மீண்டும் தொடங்கியபோது, பறக்கும் தூரம் சுமார் 16,700 கி.மீ. என்று நிறுவனமே சொன்னது.

இதற்கென்றே வாங்கிய விமானம் ஏர்பஸ் ஏ350-900 யு.எல்.ஆர். (மிக நீண்ட தூர வகை). கூடுதல் டாங்க் வைக்காமலே 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். எடையைக் குறைக்க முன்பக்கச் சரக்கறையை மூடியிருக்கிறார்கள். இருக்கைகளும் 161தான்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதா எகானமி கிடையவே கிடையாது. விலையைப் பார்த்து மலைக்கும் முன் இது நினைவிருக்கட்டும். (2004இல் நான்கு இன்ஜின் ஏ340-500ஐ வைத்து ஓட்டிப் பார்த்து, எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013இல் நிறுத்திய தடம் இது.)

பிரீமியம் எகானமியில் வரிசைக்கு வரிசை 38 அங்குலம். முழங்கால் இடிக்காது, ஆனால் படுக்கையாக விரியாது. ஒரு வரிசையில் இருக்கைகள் 2-4-2 என்ற அடுக்கு. வால்பக்கம் விமானத்தின் உடல் குறுகுவதால் கடைசி மூன்று வரிசைகளில் ஜன்னலோரம் ஒற்றை இருக்கை. தனியாகப் போகிறவர்கள் முதலில் பிடிக்க வேண்டியது அதைத்தான். நடு நான்கில் உள்ளே மாட்டிக்கொண்டால், எழுந்து நடக்க ஒவ்வொரு முறையும் பக்கத்து ஆளை எழுப்ப வேண்டும். உள்ளே காற்றழுத்தம் 6,000 அடி உயரத்துக்கு இணையானது. பழைய விமானங்களின் 8,000 அடியோடு ஒப்பிட்டால் தலைவலி குறைவு. கால் வீக்கம் மட்டும் குறையாது. அதற்கு நடைதான் வழி. இந்திய சைவ உணவு வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே பதிந்துவிட வேண்டும்.

தேதியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நேர வித்தியாசம் கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13. நள்ளிரவில் சிங்கப்பூரை விட்டால் அதே தேதி விடியலில் நியூயார்க். திரும்பும்போது திங்கள் இரவு பத்தரைக்குக் கிளம்பினால் இறங்குவது புதன் அதிகாலை. செவ்வாய் இரவுக்கு ஹோட்டல் எடுத்தால் பணம் வீண்.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு இது சுற்றுவழி. சென்னை–நியூயார்க் நேர்தூரம் ஏறத்தாழ 13,500 கி.மீ.; சிங்கப்பூர் வழியாக 18,000ஐத் தாண்டும். சிங்கப்பூரில் வேலை இருந்தாலொழிய வளைகுடா வழியே மேல்.

சிங்கப்பூரிலிருந்தே கிளம்பி, எகானமி விலையும் வேண்டுமென்றால், இதே நிறுவனம் ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று ஜே.எஃப்.கே. போகும் சேவை உண்டு. மொத்தம் ஒரு நாள் ஆகும். நடுவில் இறங்கிக் கால் நீட்டலாம். நியூஜெர்சியின் எடிசன் பக்கம் வீடு இருந்தால் ஜே.எஃப்.கே.வை விட்டுவிட்டு நியூவார்க் விமானத்தைப் பாருங்கள். வானில் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். நியூயார்க் நகர டிராஃபிக் மிச்சம்.