“ஆண்டிபயாடிக்குக்கு மாற்று”ன்னு கேன் விற்கிறவங்ககிட்ட உஷார்! 36,000 ரூபாய் போச்சு

கோழிப்பண்ணை வெச்சிருக்கிற எல்லாரும் தயவுசெஞ்சு படிங்க. பண்ணைச் சாமான் விற்கிற ஒரு ஆன்லைன் கடையில் ‘புரோபயாடிக்’னு, அதாவது குடலுக்கு நல்லது செய்ற உயிருள்ள பாக்டீரியா கலந்த சரக்குன்னு, 5 லிட்டர் கேன் ஆறு வாங்கினேன். மொத்தம் 36,000 ரூபாய், முழுப் பணமும் முன்னாடியே கட்டியாச்சு.

அந்த விற்பனைப் பையன் பேசினதில் பாதி நிஜம். அங்கேதான் நம்பிக்கை வந்துச்சு. “அண்ணா, வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆண்டிபயாடிக் கலக்கிறதை ஐரோப்பாவில் 2006லயே தடை பண்ணிட்டாங்க. கொலிஸ்டினை நம்ம அரசே 2019ல கோழிக்கும் மாட்டுக்கும் தடை பண்ணிடுச்சு. இனிமே இதுதாங்கணா வழி”ன்னான். ரெண்டுமே உண்மைதான். வேற மருந்து கேட்காத நோயாளிக்குக் கடைசியா கொடுக்கிற ஆண்டிபயாடிக் கொலிஸ்டின். அதைக் கோழித் தீவனத்தில் கொட்டக் கூடாதுன்னு நானும்தான் சொல்றேன். அந்த அக்கறையை வெச்சே காசு பிடுங்கிட்டானுங்க. “கழிச்சல் அண்டவே அண்டாது”ன்னு போனிலும் வீடியோவிலும் அடிச்சுச் சொன்னான்.

அதைத் தண்ணியில் கலந்து கொடுத்தும் குஞ்சுகளுக்குக் கழிச்சல் வந்து கொத்துக்கொத்தா செத்துச்சு. கூப்பிட்டா, “தண்ணியில குளோரின் இருந்திருக்கும்ணா.” போர் தண்ணி, குளோரினே போடறதில்லைன்னேன். “அப்ப ஷெட்டில் ஈரம்.” அப்புறம் “புகார் பதிவாகியிருக்கு சார்”. கடைசியில் “திறந்த கேனைத் திருப்பி எடுக்க மாட்டோம்.” அண்ணா சார் ஆகிட்டேன், 36,000 ரூபாய் திரும்பலை. மீதியிருந்த கேனைத் தனியார் ஆய்வகத்தில் கொடுத்தேன். உயிரோட பாக்டீரியா ஒண்ணும் இல்லைன்னு ரிப்போர்ட். செத்த பாக்டீரியாவுக்கு எதுக்குய்யா புரோபயாடிக்னு பேரு?

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனா, “லேபிளில் ‘தீவனச் சேர்க்கை, மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ன்னு இருக்கு. நோய் தீரும்னு அதில் எழுதலை. எங்க கணக்கில் இது மருந்தே இல்லை”ங்கிறாங்க. கால்நடை அலுவலகத்தில் “கம்பெனியைக் கேளுங்க.” வாயால மருந்துன்னு விற்பான், லேபிளில் தீவனம்னு ஒளிஞ்சுக்குவான். ஆண்டிபயாடிக்கைத் தடை பண்ணினா மட்டும் போதுமா? அந்த இடத்தில் வர்ற சரக்கை யார் சோதிக்கிறது? நல்ல புரோபயாடிக் இருக்கு, நானே மறுக்கலை. ஆனா விவசாயி எதைப் பார்த்துப் பிரிச்சறிவான்? ஆண்டிபயாடிக்கை விட நினைக்கிறவனையே இப்படி அடிச்சா, நாளைக்கு அவன் திரும்ப பழைய பொட்டலத்தைத்தான் தேடிப் போவான்.

விவரமா எழுதணும்னு நினைச்சேன், இப்ப முடியலை. அவசரத்துக்கு இது: எந்தப் பாக்டீரியா, ஒரு மில்லிக்கு எத்தனை உயிருள்ள பாக்டீரியா, பேட்ச் எண், காலாவதி தேதி இதெல்லாம் லேபிளில் இல்லாத கேனைத் தொடாதீங்க. போனில் சொல்றதை எழுத்தில் வாங்குங்க. இதை நம்பி வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட்) தடுப்பூசியை நிறுத்திடாதீங்க. ஏமாந்திருந்தா பில்லும் கேனும் பத்திரம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டுப் புகார் கொடுங்க. நானும் கொடுத்திருக்கேன்.