ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 3050, ஆர்க் பி580: கையைக் கடிக்காத கார்டு எது?

கேமிங்குக்கு கிராஃபிக்ஸ் கார்டு வாங்க நினைத்தால் விலையைப் பார்க்கும் முன் கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (பிசிக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) வரும் வயர்களில் 'பிசிஐ-ஈ' என்று எழுதிய 6+2 பின் கனெக்டர் இருக்கிறதா? பிராசஸருக்குப் போகும் 4+4 பின்னும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் அது வேறு. கார்டில் செருகக் கூடாது. 6+2 இல்லையென்றால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

ஆபீஸில் கழித்துக்கட்டிய டெல், ஹெச்பி டெஸ்க்டாப்பை மலிவாக வாங்கி கேமிங்குக்கு மாற்றுபவர்களின் நிலைமை பெரும்பாலும் இதுதான். அவர்களுக்கு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 6ஜிபி. 70 வாட்தான் இழுக்கும் என்பதால், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் வயரே வேண்டாம். ஸ்லாட்டில் சொருகினால் போதும். குட்டி கேபினெட் என்றால் உயரம் குறைந்த மாடலா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆனால் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். 2022-இல் வந்த 3050-க்கு 8ஜிபி மெமரி, 2560 கோர் (கணக்குப் போடும் யூனிட்), 128 பிட் பஸ் (மெமரிக்குப் போகும் பாதையின் அகலம்). 2024-இல் வந்த 6ஜிபி கார்டுக்கு 2304 கோர், 96 பிட் பஸ். மெமரியை மட்டும் குறைக்கவில்லை, கார்டே வேறு. அதற்கும் 3050 என்றே பெயர் வைத்ததை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பில் போடும்போது எத்தனை ஜிபி என்று எழுதி வாங்குங்கள்.

கனெக்டர் இருக்கிறதா? சரி, அப்படியென்றால் என் ஓட்டு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600-க்குத்தான். 2021-இல் வந்த கார்டு, 132 வாட், 8ஜிபி. 1080பி-யில் (1920x1080 திரை) 3050 6ஜிபி-யைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகம். நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்' கேம் ரே ட்ரேசிங் (ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் கணக்கிடுவது) ஹார்டுவேர் இல்லாத கார்டை ஏற்காது. அதற்கு ஏஎம்டி பக்கம் குறைந்தபட்சமாகக் கேட்பதே இந்த 6600-ஐத்தான். அந்த ஹார்டுவேர் இல்லாத ஜிடிஎக்ஸ் 1650, 1660 சூப்பரைப் புதிதாக வாங்க வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

6600-இடம் குறை இல்லாமல் இல்லை. 1080பி-யில் எஃப்எஸ்ஆர் (படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டி வேகத்தைக் கூட்டும் ஏஎம்டி வசதி) போட்டால் புல், கம்பி வேலி, தலைமுடி எல்லாம் மினுமினுக்கும். என்விடியாவிடம் உள்ள அதே மாதிரி வசதியான டிஎல்எஸ்எஸ் அந்த இடங்களில் சுத்தமாக இருக்கும். பிளெண்டர் போன்ற சாஃப்ட்வேரில் 3டி வேலையும் உண்டென்றால் என்விடியா பக்கம் சாய்வதில் தப்பில்லை. அப்புறம், 2025 கடைசியில் ஏஎம்டி இந்தத் தலைமுறைக்கான டிரைவரைத் தனிக் கிளையாகப் பிரித்துவிட்டது. கார்டுக்கு வயதாகிறது என்பதற்கான அறிகுறிதான் அது.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் இன்டெல் ஆர்க் பி580. 2024 டிசம்பரில் 249 டாலருக்கு 12ஜிபி கொடுத்தார்கள். டெக்ஸ்சரை உயர்த்தி வைத்து ஆட அந்த மெமரி உதவும். சிக்கல் பிராசஸரில் இருக்கிறது. ரைசன் 2600 மாதிரி பழைய சிப்புடன் போட்டால் சில கேம்களில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) பலமாக அடி வாங்கும். பயோஸில் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரேயடியாக அணுகும் வசதி) ஆன் ஆகாத போர்டு என்றால் ஆர்க் பக்கமே போகாதீர்கள். ரைசன் 7600 மாதிரி புதிய பிராசஸருடன் மொத்த பிசியும் புதிதாகக் கட்டினால் மட்டும் 6600-க்கு முன்னால் இதைப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்டில் 6600 வாங்குவதாக இருந்தால் கடையிலேயே கார்டை மாட்டி, ஏதாவது ஒரு கனமான கேமை இருபது நிமிடமாவது ஓட விட்டுப் பாருங்கள். ஃபேன் கரகரக்கிறதா, திரையில் புள்ளி விழுகிறதா என்று கவனித்துவிட்டு, எத்தனை நாள் மாற்றித் தருவார்கள் என்பதையும் பில்லில் எழுதி வாங்கிய பிறகு பணம் கொடுங்கள்.